இழை இருக்கட்டும், மாவு குறையட்டும்

இடியாப்பம், சேமியா, நூடுல்ஸ் ஆகியவற்றுக்கு வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய மாற்றுகள்

நீரிழிவு இருப்பதாகத் தெரிந்தவுடன் ஒரு வீட்டின் சமையற்கட்டில் முதலில் மறைவது சர்க்கரை டப்பா. அடுத்துக் குறைவது சோறு. இடியாப்பமும் சேமியாவும் நூடுல்ஸும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அவை ‘இலேசான உணவு’ என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருப்பதே காரணம். ஆவியில் வெந்தது, எண்ணெய் சேராதது, காய்ச்சல் கண்டவருக்கும் கொடுக்கத் தக்கது என்றெல்லாம் இடியாப்பத்தைப் பற்றிச் சொல்லப்படுவது உண்மையே. எளிதில் செரிக்கும் என்பதும் உண்மை. ஆனால் நீரிழிவு உள்ளவரைப் பொறுத்தவரை, எளிதில் செரிக்கிறது என்பதன் பொருள் வேறு: அதிலுள்ள மாவுச்சத்து விரைவாகக் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு நடுத்தர இடியாப்பத்துக்கு 25 கிராம் அரிசி மாவு செல்வதாகக் கொண்டால், இரவு உணவாக உண்ணும் மூன்று இடியாப்பங்களில் 75 கிராம் மாவு இருக்கும். அதில் மாவுச்சத்து மட்டும் 58 கிராம் அளவில் வரும். அதே 75 கிராம் சேமியாவில் தாளித்து இறக்கிய உப்புமாவிலும் ஏறத்தாழ அதே அளவுதான். கடையில் விற்கும் உடனடி நூடுல்ஸ் பொட்டலம் ஒன்றில் 40 முதல் 45 கிராம் வரை இருக்கும். ஆனால் ஒரு பொட்டலத்தோடு பசி அடங்கும் பெரியவர் குறைவு. தட்டில் காயோ பருப்போ முட்டையோ அதிகம் இல்லாமல் இவை தனித்தே உண்ணப்படுவதால், உணவுக்குப் பிந்தைய இரத்தச் சர்க்கரை ஒரேயடியாக ஏறிவிடுகிறது.

நிறம் மாறினால் போதுமா?

எங்கள் உணவியல் பிரிவில் இதை எடுத்துச் சொல்லும்போது, ‘நாங்கள் வெள்ளைச் சேமியா வாங்குவதே இல்லை, ராகிச் சேமியாதான்’ என்னும் விடையே பெரும்பாலும் வருகிறது. கேழ்வரகு, கம்பு, தினை, வரகு, கோதுமை என்று பல நிறங்களில் சேமியாவும் நூடுல்ஸும் இன்று மளிகைக் கடையில் கிடைக்கின்றன. கேழ்வரகு நல்ல தானியம் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் இல்லாத அளவு நார்ச்சத்தும் இருக்கிறது. ஆயினும் 100 கிராம் கேழ்வரகு மாவில் மாவுச்சத்து ஏறத்தாழ 67 கிராம்; அரிசி மாவில் 78 கிராம். மூன்று இடியாப்பம் என்ற அளவில் இந்த வேறுபாடு சுமார் எட்டு கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரைக்கு நிகரானது. மிச்சமுள்ள 50 கிராம் அப்படியே இருக்கிறது. ‘சிறுதானியம்தானே’ என்று நான்காவது இடியாப்பத்தையும் எடுத்துக்கொண்டால், அந்த எட்டு கிராமும் போய்விடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையிலும் இருப்பதாக 2023ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. அதே ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025ஆம் ஆண்டு ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. இந்தியர் உண்ணும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்பது அதன் முதன்மையான கண்டறிதல். நம் கட்டுரைக்கு நேரடியாகப் பொருந்துவது மற்றொன்று: தீட்டிய தானியத்துக்குப் பதிலாக முழுக்கோதுமை மாவோ சிறுதானிய மாவோ அதே அளவில் உண்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாக அவ்வாய்வில் தெரியவில்லை. மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. சேமியாவின் நிறத்தைவிடத் தட்டில் அது எவ்வளவு இருக்கிறது என்பதே கவனிக்க வேண்டியது.

பொட்டலம் வாங்குவதானால் முன்புறத்துப் படத்தைப் பார்க்காமல் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில்தான் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. ‘ராகி நூடுல்ஸ்’ என்னும் பெயரின் கீழ் முதல் சேர்பொருளாகக் கோதுமை மாவோ மைதாவோ இருந்தால், கேழ்வரகைவிட அதுவே மிகுதி என்று பொருள். 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் எவ்வளவு என்பதும் அங்கே இருக்கும். கண்ணாடி போல் ஒளிரும் மெல்லிய நூடுல்ஸைப் பாசிப்பயறு என்று எண்ணி வாங்குவோரும் உண்டு. அது பயறிலிருந்து புரதத்தை நீக்கி எடுத்த வெறும் மாவுப்பொருள்; 100 கிராமில் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து கொண்டது.

சமைப்பதற்கு முன் மருந்துச் சீட்டு

செய்முறைக்குள் செல்லும் முன் இப்பகுதியைத் தவறாது படிக்க வேண்டுகிறோம். இதைத் தாண்டிச் சென்று சமைப்பது ஆபத்தாகலாம்.

கீழே சொல்லப்போகும் காய்கறி இழைகளில், 58 கிராம் இருந்த இடத்தில் 10 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்தே இருக்கும். நீங்கள் இரவு உணவுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவராகவோ, கிளிமிபிரைட், கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவராகவோ இருந்தால், அம்மருந்தின் அளவு நீங்கள் வழக்கமாக உண்ணும் மாவுச்சத்தைக் கணக்கிட்டே வகுக்கப்பட்டிருக்கும். உணவு மட்டும் திடீரெனக் குறைந்து மருந்து அதே அளவில் நின்றால், இரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கக்கூடும். அது இரவில், உறக்கத்தில் நிகழ்ந்தால் அருகிலிருப்பவருக்கும் தெரியாது. ஆகவே மாற்றத்தைத் தொடங்குவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தைக் குறைப்பதா, எவ்வளவு குறைப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். நீங்களாக இன்சுலினைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். இரவைவிடப் பகல் உணவில் முதன்முதல் முயன்று பார்ப்பது பாதுகாப்பானது.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததற்கு அறிகுறிகள். முதியோரிடமும், இதயத்துக்காகச் சில வகை மாத்திரைகள் உண்பவரிடமும் நடுக்கமும் படபடப்பும் தெளிவாகத் தெரியாமல் போகலாம். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். இன்னும் 70க்குக் கீழே இருந்தால் மறுபடியும் கொடுங்கள். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை கலப்பதைத் தாமதப்படுத்துவதால் அது இதற்கு உதவாது. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உட்கொள்வோர் மாவுச்சத்தை மிகவும் குறைத்துவிட்டால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகும் அபாயம் உண்டு. இவர்களும், முதல் வகை நீரிழிவு உள்ளோரும், கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்காமல் இவ்வகை உணவுக்கு மாற வேண்டாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளவர், எடை இழந்து வரும் முதியவர் ஆகியோருக்கு மாவுச்சத்தைக் குறைக்கும் தேவை பெரும்பாலும் இல்லை. அவர்களுக்கு உணவின் அளவே முக்கியம். இக்கட்டுரை அவர்களுக்கானதன்று.

காயிலிருந்து இழை

இடியாப்ப உரலில் பிழிவது மாவுக்கு. காய்க்கு வேண்டியது ஒரு தோல் சீவியும் கத்தியும் மட்டுமே. சுருள் சுருளாகக் காய் சீவும் கருவி கடைகளில் கிடைக்கிறது. வாங்கினால் வேலை விரைவாகும், வாங்காவிட்டாலும் குறையில்லை. தோலை நீக்கிய காயைத் தோல் சீவியால் நீளவாக்கில் நாடா நாடாகச் சீவி, ஐந்தாறு நாடாக்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, கத்தியால் நீளமாக நறுக்கினால் நூடுல்ஸ் போன்ற இழை கிடைக்கும். விதைப் பகுதி வந்ததும் நிறுத்திவிடுங்கள். அது நீர்விட்டுக் குழையும். மிச்சத்தைக் கூட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மேல்நாட்டுச் சமையல் குறிப்புகள் சுக்கினி என்னும் காயையே இதற்குச் சொல்கின்றன. பெரிய ஊர்களில் அது கிடைக்கிறது. ஆனால் நம் பிஞ்சுச் சுரைக்காயும் சௌசௌவும் அதற்குச் சற்றும் குறைந்தவை அல்ல; எங்களைக் கேட்டால் சௌசௌவே முதலிடத்துக்கு உரியது. அதன் சதை கெட்டியானது, எளிதில் உடையாது, தனக்கென்று அழுத்தமான சுவை இல்லாததால் எந்தக் குழம்பையும் ஏற்றுக்கொள்ளும். நூல்கோலும் நன்று. முள்ளங்கியின் மணத்தை விரும்பாத வீடுகளில் அதைத் தவிர்க்கலாம். பீர்க்கங்காய் இழையாகச் சீவியதும் தளர்ந்துவிடுவதால் அதற்கு இவ்வேலை ஒத்துவராது. காரட்டில் இனிப்புச் சற்றுக் கூடுதல். நிறத்துக்காகக் கால் பங்கு கலந்தால் போதும்.

சுரைக்காயில் ஓர் எச்சரிக்கை. சீவுமுன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். அக்கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் என்னும் பொருள் வயிற்றைக் கடுமையாகத் தாக்கக்கூடியது, வேகவைத்தாலும் நீங்காது. ‘பாகற்காயும் கசக்கத்தானே செய்கிறது’ என்று வாதிட இடமில்லை.

காய் இழை சமைப்பதில் தோல்வி என்பது பெரும்பாலும் தண்ணீரால் வருவது. சுரைக்காயில் 95 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான். சேமியாவைப் போல் தண்ணீரில் வேகவைத்தால் அது கஞ்சியாகிவிடும். ஒருவருக்கு 200 முதல் 250 கிராம் வரை காய் எடுத்து இழையாக்கி, சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, பத்து நிமிடம் சுற்றி வையுங்கள். உப்புப் பிசறி நீரைப் பிழிந்தெடுக்கும் முறையும் உண்டு; இரத்த அழுத்தம் உள்ள வீட்டில் அது வேண்டாம், துணியே போதும். அகன்ற இரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்து, இழையைப் போட்டுப் பெருந்தீயில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டுங்கள். மூடி போடக் கூடாது. இழை வளைய வேண்டும், ஆனால் பல்லுக்குச் சற்று நொறுங்க வேண்டும், அந்நிலையில் இறக்கிவிடுங்கள். இறக்கிய பின்பே உப்பும், மிளகுத் தூளும், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலும் தூவுங்கள். உப்பை முன்னமே இட்டால் வாணலியிலேயே நீர்விடத் தொடங்கும். பாதி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் எலுமிச்சைச் சேவை உண்ட நிறைவு வரும்.

நூடுல்ஸ் சுவைதான் வேண்டும் என்பவருக்கு முட்டைக்கோஸ் பொருத்தமானது. அரிவாள்மனையில் நூல் போல நீளமாக அரிந்து, பூண்டு, வெங்காயத்தாள், குடமிளகாய், பீன்ஸ் சேர்த்துப் பெருந்தீயில் வதக்கி, மிளகும் சிறிது வினிகரும் சேர்த்தால் போதும். சோயா சாஸில் கவனம் தேவை: ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, ஒரு நாளைக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த மேல்வரம்போ 2,000 மில்லிகிராம்தான். நூடுல்ஸ் பொட்டலத்தோடு வரும் மசாலாத் தூளைக் காய்க்குப் பயன்படுத்துவதும் அத்தகையதே. இழையை மாற்றிய பலனை உப்பில் இழந்துவிடக் கூடாது.

வாழைத்தண்டை வட்டமாக அரியும்போது விரலில் சுற்றி எடுத்தெறியும் நாரைச் சொல்லவில்லை. உள் தண்டை நீளவாக்கில் மெல்லிய குச்சிகளாக நறுக்கி, கறுக்காமலிருக்க மோரில் போட்டுவைத்து, பின்பு வடித்து, பாசிப்பருப்புடன் வதக்கலாம். இழையாக வளையாது, ஆனால் வெகுநேரம் மெல்ல வேண்டியிருப்பதால் வயிறு நிறைந்த உணர்வைத் தரும்.

சிறுநீரக நோயால் பொட்டாசியம் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் எந்தக் காயை எவ்வளவு எடுக்கலாம் என்பதை உணவியல் வல்லுநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காயை மெல்லியதாக நறுக்கி, மிகுந்த நீரில் கொதிக்கவிட்டு, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கும் முறை அவர்களுக்கு ஏற்றது; இழையின் நொறுக்குத் தன்மை போய்விடும், அதற்கு வழியில்லை. வார்ஃபரின் உட்கொள்வோர் முட்டைக்கோஸை அடியோடு விலக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் முழுதும் உண்டு அடுத்த வாரம் விட்டுவிடுவதுபோல அளவை ஏற்றி இறக்குவது, இரத்தம் உறையும் அளவைக் குலைக்கும்.

வெறும் காய் போதாது

வீடுகளில் இம்முயற்சி இரண்டு மூன்று நாள்களில் கைவிடப்படுவதற்கு முதன்மையான காரணம் பசி. 75 கிராம் அரிசி மாவு சுமார் 260 கலோரி தருகிறது. 200 கிராம் சுரைக்காய் தருவது 40க்கும் குறைவு. எட்டு மணிக்குக் காய் இழையை உண்டவர் பத்து மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. காய் இழையுடன் புரதம் சேர்ந்தால்தான் அது ஒரு வேளை உணவாகும்: இரண்டு முட்டை, அல்லது 75 கிராம் பன்னீர், அல்லது மீன் துண்டு, அல்லது ஒரு கிண்ணம் பயறு. பயறிலும் மாவுச்சத்து உண்டு. ஆனால் அது நார்ச்சத்துடனும் புரதத்துடனும் வருவதால் மெதுவாகவே கரைகிறது. இதயநோய் உள்ளவர் பன்னீருக்குப் பதிலாகச் சோயா பன்னீர் எடுக்கலாம். தைராய்டு மாத்திரை உண்பவர் மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி விட வேண்டும்.

முட்டையே இழையாகவும் ஆகும். எங்கள் நோக்கில் இடியாப்பத்துக்கு மிக நெருங்கி வருவது இதுதான். இரண்டு முட்டைகளை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரும் சிட்டிகை மிளகும் சேர்த்து நுரைக்காமல் அடியுங்கள். வெங்காயம் சேர்க்க வேண்டாம், சுருட்டும்போது கிழியும். நன்கு பழகிய தோசைக்கல்லில் எண்ணெயைத் துணியால் துடைத்தாற்போல் தடவி, சிறுதீயில் பாதிக் கலவையை ஊற்றிக் கல்லைச் சாய்த்துச் சாய்த்து மெல்லிய ஏடாகப் பரப்புங்கள். திருப்பிப் போடத் தேவையில்லை. மேற்புறம் காய்ந்ததும் எடுத்து, சூடு ஆறியபின் பாய்போலச் சுருட்டி, கூரிய கத்தியால் நூலிழை அளவுக்கு அரிந்து உதறிவிடுங்கள். மஞ்சள் இழைகள் குவியலாக விழும். இரண்டு முட்டையில் மாவுச்சத்து ஒன்றிரண்டு கிராம்தான், புரதமோ 12 கிராம். இதன்மேல் உருளைக்கிழங்கு சேராத சால்னாவையோ தக்காளிக் குருமாவையோ ஊற்றி உண்ணலாம். காய் இழையும் முட்டை இழையும் பாதிப் பாதி கலந்தால் தட்டு நிறையும்.

சர்க்கரையிட்ட தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பத்துக்கு மட்டும் இவற்றில் எதுவும் மாற்றாகாது. ஆகும் என்று சொல்வது நேர்மையன்று. அச்சுவைக்காக ஏங்குபவர் என்றேனும் ஒருநாள், வயிறு நிறையக் கறியும் பயறும் உண்டபின், ஒரே ஓர் இடியாப்பத்தைச் சர்க்கரை சேராத தேங்காய்ப்பாலில் உண்ணட்டும். பண்டிகையன்று அனைவரும் உண்ணும்போது ஒருவர் மட்டும் வெறுங்கையோடு அமர்ந்திருப்பதைவிட அது மேல்.

ஒரே அடுப்பு, ஒரே உணவு

பராமரிப்பவரின் பாடும் கணக்கில் வர வேண்டும். நோயாளிக்கு ஒன்று, மற்றவர்க்கு ஒன்று என இரு சமையல் செய்வது எத்தனை நாள் நடக்கும்? தனித்தட்டு வைக்கப்பட்டவருக்கும் தாம் ஒதுக்கப்பட்டதாகத் தோன்றும். இதற்கு நாங்கள் சொல்லும் வழி பாதிக்குப் பாதிக்கும் குறைந்த கலவை. நான்கு பேருக்கு 300 கிராம் சேமியா எடுத்த வீட்டில் இனி 100 கிராம் மட்டும் எடுத்து, வறுத்து, அளந்த நீரில் கிளறாமல் மிகுந்த நீரில் வேகவைத்து வடித்து, குளிர்ந்த நீர்விட்டு அலசி வையுங்கள். நீளமாக அரிந்த முட்டைக்கோஸ், சௌசௌ, காரட், பீன்ஸ் ஆகியவற்றை 800 கிராம் அளவுக்குப் பெருந்தீயில் வதக்கி, கடைசியில் சேமியாவைக் கலந்து ஒரு புரட்டு மட்டும் புரட்டி இறக்குங்கள். முட்டையையோ வேகவைத்த பச்சைப்பட்டாணியையோ உடன் சேருங்கள். ஒருவர் பங்கில் 25 கிராம் சேமியாவே இருப்பதால், காயையும் கூட்டி மாவுச்சத்து 30 கிராம் அளவில் நிற்கும். முன்பு இருந்ததில் பாதி. மருந்து மாற்றத்தைப் பற்றிய தயக்கம் உள்ளவர்களுக்கும் இந்தக் கலவையே ஏற்ற தொடக்கம். வளரும் பிள்ளைகளுக்கு மாவுச்சத்தைக் குறைக்கும் தேவையில்லை. அவர்கள் தட்டில் கூடுதலாக ஒரு சப்பாத்தியோ ஒரு கரண்டிச் சோறோ வைத்துவிடலாம்.

மாற்றம் பலன் தருகிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், வழக்கமான சேமியா உண்ணும் ஒரு நாளும் கலவை உண்ணும் ஒரு நாளும், முதல் கவளத்துக்கு முன்பும் அதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் சோதித்து, நான்கு எண்களையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பெரும்பாலோருக்கு இரண்டு மணி நேர அளவு 180 மி.கி.க்குக் கீழே இருப்பது இலக்கு. உங்களுக்கு உரிய இலக்கை மருத்துவர் வேறாக வகுத்திருந்தால் அதுவே சரி. அக்குறிப்பேட்டை அடுத்த சந்திப்புக்கு எடுத்து வாருங்கள். மருந்தின் அளவை மாற்றுவதற்கு எங்களுக்கு அது பெரிதும் உதவும்.

கொன்யாக் பற்றி

இணையவழிக் கடைகளில் ‘மாவுச்சத்தே இல்லாத நூடுல்ஸ்’ என்று நீரில் மிதக்கும் வெள்ளை இழைகளைப் பையிலிட்டு விற்கிறார்கள். சிராட்டக்கி என்று ஜப்பானியர் அழைப்பது இதுவே; வெள்ளருவி என்பது அப்பெயரின் பொருள். கொன்யாக் என்னும் கிழங்கிலுள்ள குளுக்கோமன்னன் என்ற நார்ச்சத்தைச் சுண்ணாம்பு நீரால் உறையவைத்துச் செய்வது. நம் சேனைக்கிழங்கும் கொன்யாக்கும் தாவரவியலில் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்றாலும், சேனையில் 100 கிராமுக்குச் சுமார் 18 கிராம் மாவுச்சத்து இருப்பதால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ள முடியாது.

சிராட்டக்கியில் 97 விழுக்காடு நீர். மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். விலை அதிகம். பையைத் திறந்தால் மீன்வாடை போன்ற ஒரு மணம் வரும். ஓடும் நீரில் நன்றாக அலசி, இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, எண்ணெயில்லாத வாணலியில் நீர் வற்றும்வரை புரட்டினால் அது நீங்கும். தானாகச் சுவை எதுவும் இல்லாததால் மீன்குழம்பு, ரசம் போன்ற காரசாரமானவற்றுடன் பொருந்துகிறது. முதன்முதல் உண்பவர் அரைக் கிண்ணத்துக்கு மேல் போக வேண்டாம், வயிறு உப்பும். குளுக்கோமன்னன் வயிற்றில் நீரை உறிஞ்சிப் பருப்பதால் மாத்திரைகள் உடலில் சேர்வதைத் தாமதப்படுத்தலாம். மாத்திரையுடன் சேர்த்து உண்ண வேண்டாம். பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவர், பல் இல்லாத முதியவர், குடல் அறுவை செய்துகொண்டவர், நீண்டநாள் நீரிழிவால் இரைப்பையின் இயக்கம் மந்தப்பட்டவர் ஆகியோர் இதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு மென்மையாக வெந்த சௌசௌவே நல்லது.

சீவிய காய் இழையைத் துணியில் சுற்றி, மூடிய பாத்திரத்தில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். காலை வேலைக்குச் செல்வோர் முந்தைய இரவே சீவி வைத்துக்கொள்ளலாம். வதக்கிய பின் வைத்தால் நீர்விட்டுவிடும், ஆகவே வதக்குவது உண்ணும் நேரத்துக்குத்தான். மதிய உணவாகக் கொடுத்தனுப்புவதானால் இழையையும் குழம்பையும் தனித்தனி டப்பாக்களில் வையுங்கள். முட்டை இழையை அன்றே உண்டுவிட வேண்டும்.